பனியாற்றில் நடக்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

வடதுருவ வட்டத்துக்குள் கோடை மாதங்களில் நடைப்பயணம் போவது பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஊர்ப்பெயரை மட்டும் போட்டிருக்கிறோம். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். சொல் குழப்பம் வராமலிருக்க ஒரு விளக்கம்: நிலத்தின் மேல் மெல்ல நகர்ந்து வரும் பனிக்கட்டி, பனியாறு. அதன் முனை கடலில் உடைந்து விழுந்து மிதந்தால் பனிமலை.

ஆகஸ்டில் 12 நாள் விடுப்பு கிடைக்கும். கிரீன்லாந்து போகலாமா, ஸ்வால்பார்டு போகலாமா? முதல் தடவை. (ஓசூர்)

முதல் தடவை என்றால் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள இலுலிசாட். ஊரை ஒட்டியே பனி ஃபியார்டு (நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த குறுகிய கடல்) இருக்கிறது. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். செர்மெக் குயால்லெக் என்ற பனியாறு அதற்குள் பனிமலைகளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வேகம் உச்சத்தில் இருந்த 2012 கோடையில் அந்தப் பனியாறு ஒரே நாளில் 40 மீட்டருக்கு மேல் நகர்ந்தது. பெரிய பனிமலைகள் ஃபியார்டின் வாயில் கடலடி மேட்டில் தட்டி நின்றுவிடுவதால், கரையில் நடந்தபடியே மணிக்கணக்காகப் பார்க்கலாம். பனியில் கால் வைக்கத் தேவையே இல்லை. மஞ்சள், நீலம், சிவப்பு என்று பாறையில் புள்ளி வைத்த நடைவழிகள் உண்டு. நீலம் சுமார் 7 கி.மீ. பாறை மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் 3 முதல் 4 மணி நேரம் ஒதுக்குங்கள்.

பனியாற்றின் மேலேயே நடக்க ஆசை என்றால் காங்கர்லுசுவாக் ஊரில் ஓரிரு நாள் சேருங்கள். அங்கிருந்து உள்நாட்டுப் பனிவிரிப்பின் (நாட்டின் உள்பகுதியை மூடிக் கிடக்கும் பெரும் பனிக்கட்டி) ஓரம் வரை சுமார் 35 கி.மீ. மண் சாலை போகிறது.

ஸ்வால்பார்டு என்பது நார்வேக்கு வடக்கே உள்ள தீவுக் கூட்டம். அதன் முக்கிய ஊர் லாங்இயர்பியன் 78 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஊரெல்லையைத் தாண்டினாலே பனிக்கரடிச் சட்டம் குறுக்கே வரும். வழிகாட்டியுடன் மட்டும் நடக்கச் சம்மதம் என்றால் அருமையான இடம். தன்னந்தனியே சுற்ற நினைப்பவருக்குச் சரிப்படாது.

12 நாளில் போகவர 4 நாள் போய்விடும். கிரீன்லாந்தில் ஊருக்கு ஊர் சாலை கிடையாது. விமானம் அல்லது படகு. மூடுபனி இறங்கினால் இரண்டும் நிற்கும். ஆகவே திரும்பும் பக்கம் 2 நாளை வெறுமனே விட்டு வையுங்கள். மிஞ்சும் 6 நாள்தான் உங்கள் நடை.

மார்கழிப் பனிக்கே இரண்டு ஸ்வெட்டர் போடுகிறேன். அங்கே என்ன உடுத்துவது? (பாலக்கோடு)

வெயிலடிக்கும் ஜூலைப் பகலில் அங்கே 5 முதல் 10 டிகிரி இருக்கும். நடக்கும்போது வேர்க்கும். நின்ற பத்தாவது நிமிடம் அந்த வேர்வையே உடம்பை உறைய வைக்கும். கோடையில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த ஈரமும் காற்றும்தான். பனியாற்றின் மேலிருந்து கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கி வீசிக்கொண்டே இருக்கும். ஊரில் இதமாக இருந்த நாளிலும் பனி ஓரத்தில் பல் கிட்டிப்போகும்.

அதனால் இரண்டு கனத்த ஸ்வெட்டர் வேண்டாம். மெல்லிய துணிகள் மூன்று அடுக்கு போதும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன். அதன் மேல் ஃபிளீஸ். எல்லாவற்றுக்கும் மேலே, தலைமூடியுடன் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், அதே துணியில் பேன்ட். நிற்கும்போது போட்டுக்கொள்ள ஒரு பஞ்சுறை ஜாக்கெட்டைப் பையின் மேல்பகுதியிலேயே வைத்திருங்கள். அடியில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்கச் சோம்பல் வரும்.

பருத்தி எதுவும் வேண்டாம். ஜீன்ஸ், பருத்திப் பனியன், பருத்திச் சுடிதார், உள்ளாடை உட்பட. நம் வெயிலுக்குப் பருத்தி நல்லது என்பதற்குக் காரணம் அது ஈரத்தைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிர்விப்பது. அங்கே அதே குணம்தான் எதிரி.

கையுறை 2 ஜோடி: ஒன்று மெல்லியது, ஒன்று நீர் புகாதது. முதல் ஜோடி நனையத்தான் போகிறது. காது மூடும் தொப்பி ஒன்று. காலுறை 3 ஜோடி கம்பளி. அதில் ஒன்றைத் தூங்கும்போது மட்டும் போட வைத்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் கணுக்கால் மூடியதாக, அடிப்பாகம் கையால் எளிதில் வளையாததாக இருக்கட்டும். அரை அளவு பெரிதாக வாங்கி, ஊரிலேயே குறைந்தது 60 கி.மீ. நடந்து பழக்குங்கள். புது பூட்ஸோடு விமானம் ஏறுபவர் இரண்டாம் நாள் குதிகால் கொப்புளத்தோடு அறையில் உட்கார்ந்திருப்பார்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அதிகமாகத் தெரிகிறது. கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் பல் சட்டம்) வாங்கி மாட்டிக்கொண்டு நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தே பனியாற்றில் ஏறினால் என்ன? (அரூர்)

ஏறாதீர்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறோம், தம்பி.

பனியாறு நகரும்போது வளைவிலும் சரிவிலும் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவு 20, 30 மீட்டர் ஆழம்கூடப் போகும். கோடைக் கடைசியில் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் புதுப்பனி எல்லாம் கரைந்து வெறும் கட்டிப்பனி தெரியும். அங்கே பிளவு கண்ணுக்குத் தெரியும்; சுற்றிப் போகலாம். மேல்பகுதியிலோ, ஜூன் மாதமென்றால் கீழ்ப்பகுதியிலும்கூட, பிளவின் மேல் பழைய பனி பாலம்போல் மூடியிருக்கும். பார்த்தால் சமதரை. காலை வைத்தால் உள்ளே. எது பாலம், எது தரை என்று நீண்ட கம்பியால் குத்திப் பார்த்துச் சொல்லப் பழகிய கை வேண்டும். அந்தக் கையைத்தான் காசு கொடுத்து அமர்த்துகிறீர்கள்.

பிளவைப் பனி மூடிய இடத்தில் எல்லோரும் ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்) கட்டி ஒரே கயிற்றில் இணைந்து நடப்பார்கள். நாலு பேர் என்றால் ஆளுக்கு ஆள் 10 முதல் 12 மீட்டர் இடைவெளி. கயிறு தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது. பனியை லேசாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். தொய்ந்த கயிற்றில் ஒருவர் விழுந்தால், விழுந்த வேகத்தில் அடுத்தவரையும் இழுத்துவிடும். இப்படித் தொய்வது பெரும்பாலும் படம் எடுக்க நிற்பதால்தான். விழுந்தவரை மேலே இழுக்கக் கப்பி முறையில் கயிறு கட்டத் தெரிந்தவர் குழுவில் இல்லையென்றால், கயிறு கட்டிப் பயனில்லை. பிளவு தெரியும் வெறும் பனியில் பல நேரம் கயிறே கட்டமாட்டார்கள். ஒருவர் வழுக்கினால் மற்ற மூவரையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால். இந்த முடிவையும் வழிகாட்டியிடமே விடுங்கள்.

கிராம்பான் பற்றி: 10 பல் அல்லது 12 பல் உள்ள எஃகு வகை. நடை பூட்ஸுக்கு முன்னும் பின்னும் வார் கட்டும் மாடல். அலுமினியம் எடை குறைவு, ஆனால் கல்லில் பட்டால் பல் மழுங்கும். சங்கிலி போல் ரப்பரோடு மாட்டும் சின்ன முள் வகை ஊர் வழிக்குச் சரி. பனிச் சரிவில் பிடிக்காது. அறையிலேயே மாட்டி, பூட்ஸைத் தூக்கி உதறிப் பாருங்கள். கழன்றால் நீளத்தை மறுபடி சரிசெய்யுங்கள். மிஞ்சிய வார் முனையைச் செருகிவிடுங்கள். தொங்கினால் அடுத்த காலின் பல் அதில் மாட்டும். தொளதொள பேன்ட்டிலும் அப்படித்தான் மாட்டும். கிராம்பானோடு விழுபவர்களில் பலர் தன் காலைத் தானே மிதித்து விழுந்தவர்கள்.

நடக்கும் முறை: இரு கால்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் பனியில் பதியும்படி தட்டையாக வையுங்கள். மண் சரிவில் பாதத்தின் ஓரத்தை ஊன்றுவோமே, அந்தப் பழக்கம் இங்கே வழுக்கிவிடும். ஏறும்போது வாத்து நடை. இறங்கும்போது முழங்கால் மடக்கி, எடையை முன்னால் கொடுங்கள். பயந்து பின்னால் சாய்ந்தால் குதிகால் பற்கள் மட்டுமே பிடிக்கும்.

இன்னொன்று, பனியின் மேலே உருகிய நீர் ஓடைபோல் ஓடி ஒரு செங்குத்துத் துளைக்குள் விழும் இடங்கள் உண்டு. ஓடையின் அடி கண்ணாடி வழுக்கல். துளை அருகே ஓடையைத் தாண்டவே கூடாது. பனியாற்றின் முனைக்கு அடியிலும், பனிக்குகைக்குள்ளும் கோடையில் போகாதீர்கள். 2024 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் பிரெய்தாமெர்குர்யோக்குல் பனியாற்றில் பனி இடிந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். அவர் வழிகாட்டிகளோடு போன குழுவில் இருந்தவர். வழிகாட்டி இருந்தாலும் கோடைக் குகை கோடைக் குகைதான்.

கிரானைட் வேலையில் 20 வருடம். அந்த ஊர்ப் பாறை வழுக்குமா? (பர்கூர்)

பாறையைப் பார்த்ததும் உங்களுக்குச் சொந்த ஊர் நினைவு வரும். கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் பெரும்பகுதி நைஸ் (gneiss) என்ற மிகப் பழைய பாறை. நம் மாவட்டங்களின் அடியில் கிடப்பதும் அதே இனம். நூக் நகருக்கு வடகிழக்கே இசுவா பகுதிப் பாறைகளுக்கு 370 கோடி ஆண்டுக்கு மேல் வயது.

வேறுபாடு மேற்பரப்பில். பனியாறு தன் அடியில் சிக்கிய கல்லை வைத்து ஆயிரக்கணக்கான ஆண்டு தேய்த்திருக்கிறது. பாலிஷ் போட்ட பலகைபோல் இருக்கும். கீறல் கோடுகள் பனி நகர்ந்த திசையைக் காட்டும். காய்ந்திருந்தால் பூட்ஸ் நன்றாகப் பிடிக்கும். மேலே கறுப்பாகப் படிந்த பாறைப்பாசி நனைந்தால் சோப்புதான். மழைக்குப் பிறகு கறுப்பை விட்டு வெளிர் நிறத்தை மிதியுங்கள்.

பாறையைவிட மோசமானது மொரைன், அதாவது பனியாறு ஓரத்தில் கொட்டிவிட்டுப் போன கல் குவியல். குவாரியில் கொட்டிய கழிவுக்கல் மேட்டில் எப்படி நடப்பீர்களோ அப்படி நடக்க வேண்டும். சில இடத்தில் கல்லுக்கு அடியில் இன்னும் பனி இருக்கும். ஈரச் சேறும் அங்கங்கே வழியும் நீரும் அதற்கு அடையாளம். அந்தச் சரிவில் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல், மேலே இருப்பவர் உருட்டும் கல் கீழே இருப்பவர் மேல் படாதபடி சாய்வாக விலகி நடங்கள்.

காவிரிக் கரையில் வளர்ந்தவன். நன்றாக நீந்துவேன். ஆறு கடக்கும் பகுதியை ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்? (பென்னாகரம்)

நீச்சல் அங்கே கணக்கில் வராது. பனியாற்றிலிருந்து வரும் நீர் 0 முதல் 2 டிகிரி. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறல், உங்களை அறியாமல் வாய் திறந்து நீரை இழுக்கும். அடுத்த 10 நிமிடத்தில் கை விரல் மடங்காது. கயிறு கொடுத்தாலும் பிடிக்க முடியாது. ஒகேனக்கல் சுழல் பழகிய உடம்புக்கும் இதே கணக்குதான்.

நேரம் முக்கியம். பகலில் உருகியது சில மணி நேரம் கழித்துத்தான் கீழே வந்து சேரும். மாலையில் நீர் உச்சத்தில் இருக்கும், விடியலில் குறைந்திருக்கும். சூரியன் மறையாத நாட்களிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. மாலை 5 மணிக்கு முடியாத ஆறு காலை 5 மணிக்கு முழங்காலுக்குக் கீழே ஓடும். அங்கேயே கூடாரம் போட்டுக் காத்திருப்பதுதான் புத்தி.

இடம்: குறுகலான இடம் எளிதென்று கண்ணுக்குத் தோன்றும். அங்கேதான் ஆழமும் வேகமும். ஆறு பல கிளையாகப் பிரிந்து பரந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். நீர் பால் கலந்த சிமென்ட் நிறம்; பனி அரைத்த பாறை மாவு அது. அடி தெரியாது, கோலால்தான் ஆழம் பார்க்க வேண்டும். ஒரு குச்சியைப் போட்டுக் கரையோடு நடந்து பாருங்கள். குச்சி உங்களை முந்தினால் இறங்க வேண்டாம். அடியில் கல் உருளும் 'டொக் டொக்' சத்தம் கேட்டாலும் வேண்டாம். வேக நீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள்.

இறங்கும்முன் பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். காலுறையைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, வெறும் பூட்ஸோடு அல்லது பின்வார் உள்ள செருப்போடு இறங்குங்கள். வெறுங்கால் கூடாது. முகம் நீர் வரும் திசைக்கு. கோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். கரையேறியதும் காலைத் துடைத்து, காய்ந்த காலுறை போட்டு, உடனே நடையைத் தொடருங்கள். உட்கார்ந்து அரட்டை அடித்தால் கால் மரத்துவிடும்.

பனிமலை மேல் ஏறி நின்று படம் எடுக்கலாமா? (காவேரிப்பட்டணம்)

கூடாது. பனிமலையின் 10-இல் 9 பங்கு நீருக்கு அடியில். அடிப்பகுதி கரையக் கரைய எடை மையம் மாறி, எந்த அறிவிப்பும் இல்லாமல் புரளும். சின்னதாகக் கரை ஒதுங்கிய துண்டும் அப்படியே. படகில் போனால் பனிமலையின் உயரத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி நிற்கும் ஓட்டுநரையே நம்புங்கள். 'இன்னும் கொஞ்சம் கிட்டே' என்று கெஞ்சாதீர்கள்.

கரையில் நிற்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. இலுலிசாட் அருகே செர்மெர்மியுட் கடற்கரையில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். பனிமலை புரண்டாலோ உடைந்தாலோ எழும் அலை சில நிமிடத்தில் கரையை அறுத்துக்கொண்டு போகும். மரப்பாதையிலும் மேட்டுப் பாறையிலும் நில்லுங்கள். படமும் மேட்டிலிருந்துதான் நன்றாக வரும்.

பனிக்கட்டி ஏன் நீலமாக இருக்கிறது? (காரிமங்கலம், 8-ஆம் வகுப்பு மாணவி)

பல ஆண்டுப் பனி ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி உள்ளே இருந்த காற்றுக் குமிழைப் பிதுக்கிவிடுகிறது. குமிழ் குறைந்த கட்டிக்குள் ஒளி நெடுந்தூரம் போகும். வழியில் சிவப்பைப் பனி விழுங்கிவிடும், நீலம் மிஞ்சும். குமிழும் விரிசலும் நிறைய இருந்தால் வெள்ளை. அந்தக் கட்டியை நீரில் போட்டுக் காதை வைத்தால், அடைபட்ட பழைய காற்று வெடித்து வெளியேறும் சடசடப்பு கேட்கும்.

சோற்றுக்கு என்ன வழி? கேழ்வரகு மாவு, நெய், எங்கள் தோட்டத்து மாம்பழம் கொண்டுபோக ஆசை. (போச்சம்பள்ளி)

மாம்பழத்தை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கோபன்ஹேகன் போன்ற ஐரோப்பிய நுழைவாயிலில் தாவர நலச் சான்றில்லாத மாம்பழத்தைப் பிடுங்கிவிடுவார்கள். நெய், பால் பவுடர், பால்கோவா, இறைச்சி வகை எதுவும் கூடாது (கருவாடு மட்டும் விலக்கு); பாலும் இறைச்சியும் வெளிநாட்டிலிருந்து வரத் தடை. கொழுப்புக்கு அங்கே வெண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேழ்வரகு மாவு போகலாம், ஆனால் களி வேண்டாம். கிண்டுவதற்கு 20 நிமிடம் அடுப்பு எரிய வேண்டும், பாத்திரம் கழுவ நீர் வேண்டும். வறுத்துத் திரித்த சத்துமாவு 70 கிராம், வெல்லத்தூள் 30 கிராம், கொதிநீர். காலைக்கு இது போதும். மதியம் நடந்தபடி கடலை மிட்டாய், பேரீச்சை, வறுத்த கடலை. இரவு 100 கிராம் கெட்டி அவலோ உடனடி சேவையோ. கொதிநீர் ஊற்றி மூடி, தொப்பிக்குள் சுற்றி 10 நிமிடம் வைத்தால் வெந்துவிடும். பருப்புப்பொடியோ புளிக்காய்ச்சலோ போட்டால் சுவை வரும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் 700 முதல் 800 கிராம், சுமார் 3,000 முதல் 3,500 கலோரி. இதைக் குறைப்பவர்கள் மூன்றாம் நாள் குளிர் தாங்காமல் தவிப்பார்கள். வயிற்றில் போடுவதுதான் சூடு.

அடுப்பு எரிவாயுக் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் வைக்கக் கூடாது. போய்ச் சேர்ந்த ஊர்க் கடையில் வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒரு நாளில் 4 லிட்டர் கொதிக்க வைக்க 80 முதல் 100 கிராம் வாயு. ஆக 230 கிராம் குப்பி இரண்டரை நாள் வரும். அடுப்பில் எரிபொருள் வாசம் இருந்தாலும் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். நன்றாகக் கழுவிக் காயவையுங்கள்.

யானை நடமாடும் ஊர்க்காரர்கள் நாங்கள். பனிக்கரடியும் அப்படித்தானா? (தேன்கனிக்கோட்டை)

யானைக்கு வழிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். பனிக்கரடி உங்களை இரையாகப் பார்க்கலாம். ஸ்வால்பார்டில் ஊருக்கு வெளியே போகிறவர் கரடியை விரட்டும் சாதனம் வைத்திருப்பது கட்டாயம். துப்பாக்கியும் எடுத்துச் செல்லச் சொல்கிறார்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால் வழிகாட்டியோடு போவதே நடைமுறை. 2025 முதல் கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். தொலைவில் தெரிந்தாலும் 'பார்த்துவிட்டு வரலாம்' என்று நெருங்குவது குற்றம். சமையலைக் கூடாரத்துக்கு வெகுதூரத்தில் வையுங்கள்.

இலுலிசாட்டில் கரடி அரிது. அங்கே கவனிக்க வேண்டியது சங்கிலியில் கட்டிய சறுக்குவண்டி நாய்கள். அவை வீட்டு நாய் அல்ல. தடவப் போகாதீர்கள், குழந்தையை விடாதீர்கள். நரி தானாகக் கிட்டே வந்தால் ரேபீஸ் சந்தேகப்பட்டு விலகுங்கள். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை கொசு. நம்ப மாட்டீர்கள், நம் ஏரிக்கரைக் கொசு சாதுவாகத் தெரியும். தலையை மூடும் வலை கட்டாயம்.

மூன்று மாதம் இருக்கிறது. இங்கேயே எப்படிப் பயிற்சி செய்வது? (ஊத்தங்கரை)

வாரம் நாலு நாள். இரண்டு நாள் ஒரு மணி நேர வேக நடை. ஒரு நாள் ஏற்றம்: தீர்த்தமலைப் படிகளோ, இராயக்கோட்டைக் கோட்டை மலையோ. ஒரு நாள் நீண்ட நடை, வத்தல்மலைச் சாலை இதற்கு நல்லது. பையில் முதல் வாரம் 5 கிலோ தொடங்கி, எட்டாம் வாரம் 12 கிலோவுக்கு வாருங்கள். மணலும் கூழாங்கல்லுமாகக் கிடக்கும் தென்பெண்ணைப் படுகையில் நடந்தால் கணுக்கால் உறுதிப்படும்; மொரைனுக்கு அதைவிடச் சிறந்த பாடம் இங்கே கிடையாது. அணையில் நீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். முழங்கால் வலி வருவது இறக்கத்தில்தான். கடைசி ஒரு வாரம் சும்மா இருங்கள்.

விசா எப்படி? ஷெங்கன் இருந்தால் போதுமா? (கிருஷ்ணகிரி)

போதாது. கிரீன்லாந்து டென்மார்க்கைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கனுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வட்டம்) வெளியே. டென்மார்க் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்தையும் குறிப்பிட்டு, விசாவில் 'கிரீன்லாந்துக்குச் செல்லும்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்வால்பார்டுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் பெரும்பாலும் நார்வே வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். நார்வேயை விட்டு ஸ்வால்பார்டு போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசாவில் போனால் திரும்பி வரச் சிக்கல். இரட்டை நுழைவு கேளுங்கள்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் 'பனியாற்று நடை', 'ஹெலிகாப்டர் மீட்பு' இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல இவற்றைச் சின்ன எழுத்தில் விலக்கி வைக்கும்.

காம்பஸ், சாட்டிலைட் கருவி எல்லாம் இங்கேயே வாங்கிவிடலாமா? (மத்தூர்)

இரண்டையும் அங்கேயே பாருங்கள். அனுமதியில்லாமல் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் செய்திக் கருவியோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையச் சோதனையில் பலர் மாட்டியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் வாடகைக்கு எடுங்கள்.

காம்பஸ் முள் நம் ஊர்க் காந்தப்புலத்துக்கு ஏற்றபடி சமன் செய்யப்பட்டிருக்கும். துருவத்துக்கு அருகே புலம் செங்குத்தாக இறங்குவதால் முள் சாய்ந்து மூடியில் உரசும். அதோடு, நம் ஊரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு பாகை, பேசாமல் விட்டுவிடலாம். மேற்குக் கிரீன்லாந்தில் 25 பாகைக்கு மேல். அதைச் சேர்க்காமல் 1 கி.மீ. நடந்தால் 400 மீட்டருக்கு மேல் வழி விலகியிருப்பீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான். குளிரில் போன் பேட்டரி திடீரென்று அணையும். உள்சட்டைப் பையில் வையுங்கள்.

இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைப் பார்க்க முடியுமா? (பாப்பிரெட்டிப்பட்டி)

ஸ்வால்பார்டின் நி-ஓலசுண்டில், 79 பாகை வடக்கில், 2008-இல் திறந்த நிலையம் அது. கோடையில் சுற்றுலாக் கப்பல்கள் அந்த ஊரில் நிற்கும். வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே விடமாட்டார்கள். அங்கே வானொலி ஆய்வுக் கருவிகள் இருப்பதால் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

என் மகன் போகிறான். குளிர் ஏறிவிட்டால் கூட இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன செய்வது? (தர்மபுரி)

நல்ல கேள்வி, அம்மா. போகிறவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. முதலில் நடுக்கம். பிறகு கை தடுமாறும், ஜிப் போட முடியாது. கால் இடறும். பேச்சு குழறும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான் அல்லது 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சாதிப்பான். இந்தக் கட்டத்திலேயே நடையை நிறுத்த வேண்டும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் தேறிவிட்டான் என்று நினைக்கக் கூடாது. உடம்பு தோற்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், கூடாரத்தையோ உறையையோ மேலே போர்த்துங்கள். ஈரத் துணியைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, தூங்கும் பைக்குள் விடுங்கள். கீழே பாய் இருக்க வேண்டும். தரைதான் சூட்டை அதிகம் உறிஞ்சும். தெளிவாக விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள். பேச்சு தெளியாவிட்டாலோ மயங்கினாலோ அசைக்காமல் படுக்க வைத்து மீட்புக்கு அழைப்பு விடுங்கள்.

கறுப்புக் கண்ணாடியையும் அவன் பையில் போட்டு அனுப்புங்கள், பக்கமும் மூடிய வகை. தர்மபுரி வெயிலே பழகியவன் என்பான். அங்கே வெயில் பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்குள்ளும் தோல் உரியும். கண் அன்றிரவே மணல் கொட்டியதுபோல் உறுத்தும்.